பட்டில் துடைத்த பூரான்

வெப்பமானியின் ரசம் மேல் சிவப்புக் கோட்டைத் தாண்டியபோது இராசமலர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே நித்திரையாய்ப் போயிருந்தாள். பெருவிரல் மட்டும் சுவிட்சின் மேல் விழித்துக்கொண்டிருந்தது.

குழந்தை அழவில்லை. அழுகிற பலம் இன்னும் அதற்கு வரவில்லை. மருத்துவிச்சி செபஸ்தியம்மா மிஸி வாளியோடு வந்தவள், கண்ணாடிப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். வாளியை அப்படியே வைத்துவிட்டு, இராசமலரின் விரலைத் தள்ளிச் சுவிட்சை அணைத்தாள். பிறகுதான் தோளைத் தொட்டாள்.

"அக்கா, ரசத்தைப் பாருங்கோ."

இராசமலர் பார்த்தாள். ஸ்டூலை விட்டு எழும்பினாள்.

மிஸி பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, ஈரத்துணியைக் குழந்தையின் பாதத்தில் ஒற்றினாள். கோவைப்பழம் போலச் சிவந்திருந்தது பிள்ளை. ஒரு கை அகலம்கூட இல்லாத அந்த நெஞ்சு படபடவென்று ஏறி இறங்கியது.

"எவ்வளவு நேரம் அக்கா?"

"தெரியேல்லை மிஸி. இப்பத்தான் கீழ்க்கோட்டிலை நிண்டது. போட்டுவிட்டன். பேந்து..."

"பேந்து கண் அயந்துபோச்சு." மிஸி துணியைப் பிழிந்தாள். "இண்டைக்கு ஒண்டுமில்லை. ஆறிவிடும். நாளைக்கும் ஒண்டுமில்லையெண்டு என்னாலை சொல்ல ஏலாது. மனுசர் எத்தினை நாளைக்கு மெசின் வேலை பாக்கிறது?"

கோப்பாய்ப் பக்கத்தில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னப் பிள்ளைப்பேற்று மனையில் சூட்டுப்பெட்டி அது ஒன்றுதான். யாரோ தொண்டுக்காரர் கொடுத்த பெட்டி. மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டுகிற ஜெனரேற்றர் ஒன்றும் பின்வளவில் கிடந்து இருமிக்கொண்டிருந்தது. இராசமலரின் மகள் குணலட்சுமி ஏழாம் மாதத்திலேயே பெற்ற பெண்பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்தார்கள். வைத்த கையோடு பெட்டியின் மூளை செத்துப்போயிற்று. சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கிற ஒரு சின்னப் பலகை அது. அது இல்லாத பெட்டிக்கு இரண்டே இரண்டு காரியம்தான் தெரியும்: முழுச்சூடு அல்லது சூடே இல்லை.

அன்றிலிருந்து குடும்பம் அந்தப் பலகையின் வேலையைப் பார்த்தது. மிஸி தன் நகப்பூச்சால் வெப்பமானியில் இரண்டு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தாள். ரசம் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் சுவிட்சைப் போட வேண்டும், மேல்கோட்டுக்கு ஏறினால் அணைக்க வேண்டும். இரவும் பகலும் இதே வேலை. மகளுக்குக் காய்ச்சல். மருமகன் கொழும்பில், ஊர் திரும்ப இராணுவம் தருகிற பாஸுக்கு அலைந்துகொண்டிருந்தான். மிஸிக்கு மற்றப் பிள்ளைத்தாய்ச்சிகள். மிஞ்சியது இராசமலரின் பெருவிரல்தான்.

மகள் பக்கத்துக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "அம்மா" என்றாள் திரும்பாமலே. "நீங்கள் வீட்டை போங்கோ. கொஞ்சநேரம் நான் பாக்கிறன்."

"நீ எழும்பினால் விழுவாய் பிள்ளை."

"விழுந்தால் சுவிட்சிலைதான் விழுவன்."

மிஸி சிரித்தாள். "போங்கோ அக்கா. பின்னேரம் மட்டும் நானும் இவளுமாய்ச் சமாளிப்பம். அண்ணை பலகையை முடிச்சிட்டாரோ எண்டு பாத்து வாங்கோ. நீங்கள் இனி இதிலை இருந்தால் நான் உங்களையும் ஒரு பெட்டிக்குள்ளை வைக்கவேண்டி வரும்."

சோளகக் காற்று உரும்பிராய் ஒழுங்கைகளில் செம்மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. சைக்கிளை எதிர்க்காற்றில் மிதிப்பதும் ஒன்று, உருட்டுவதும் ஒன்று. இராசமலர் உருட்டினாள். நைலெக்ஸ் சேலை காலோடு ஒட்டி ஒட்டிச் சரசரத்தது. போர்த்தடையில் சவர்க்காரம் கிடைக்காத காலம். தண்ணீரில் அலசி உதறினால் காய்ந்துவிடும் என்று ஊரே நைலெக்சுக்கு மாறியிருந்தது.

வீட்டு முன்விறாந்தையை அடைத்துக் கட்டியதுதான் அவள் புருசன் ஏரம்புவின் ரேடியோக் கடை. கரண்ட் போய் இரண்டு வருசமாகியும் கடை சாகவில்லை. சனம் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டது, ரேடியோக்கள் தினமும் பழுதாகின, ஏரம்பு சிரட்டைக்கரியில் செப்புக்கோலைச் சுடவைத்து ஈயம் ஒட்டினார். ஈயக்கம்பியைப் பிடித்துக்கொடுப்பது இராசமலர். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் பிடித்த ஈயத்தை நீட்டினால் பலாலி வரை போகும்.

வாசலில் நின்றே புருசனின் முதுகைப் பார்த்தாள். விசயம் தெரிந்துவிட்டது.

"சரிவரேல்லையோ?"

"செத்துப்போச்சு" என்றார் ஏரம்பு.

மேசையில் அந்தப் பச்சைப் பலகை கிடந்தது. அதன் நடுவே புதிதாக ஒட்டிய கறுப்புச் சில்லு, இருபக்கமும் கால் முளைத்து. இந்தக் கடையில் அதற்குப் பெயர் பூரான். பழைய பூரான் எரிந்துபோனதால்தான் பலகையே படுத்தது. புதிய பூரான் இரண்டு கொழும்பிலிருந்து வந்திருந்தன. வவுனியாவுக்குப் போய்வருகிற யாபாரி செபநாயகம், சோதனைச் சாவடியில் மூக்குத்தூள் பேணிக்கு அடியில் மறைத்து, கிளாலிக் கடலில் வள்ளம் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தவை. இனி இன்னொன்று வேண்டுமென்றால் அதே கடல், அதே சாவடி, அதே மூக்குத்தூள்.

"பக்கம் மாறிப் போட்டியளோ?"

"பக்கம் மாறிப் போடுற வயசோ எனக்கு?"

"அந்த வயசுதான்" என்றாள் இராசமலர். பகிடியாகச் சொல்லத்தான் நினைத்தாள்.

அடுப்படியில் காலைப் புட்டு மூடிக் கிடந்தது. அவர் தொடவில்லை. அவள் தேத்தண்ணி ஊற்றி, பனங்கட்டியை நகத்தால் கிள்ளி இரண்டாக்கி, பெரிய பாதியை அவர் பக்கம் வைத்தாள். இருவரும் கடித்துக் குடித்தார்கள். பெட்டியின் ரசம் கோட்டைத் தாண்டிய கதையை அவள் சொன்னாள். நித்திரையானேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

ஏரம்பு கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிழை உம்மிலை இல்லை. நேற்றே நான் இதை முடிச்சிருக்கவேணும். முடிக்கப்போய்ப் பூரானைச் சாகடிச்சுப்போட்டன்."

"என்னெண்டு சாகடிச்சனீங்கள்? சூடு கூடிப்போச்சோ?"

"சூடில்லை. உடம்பிலையிருக்கிற கரண்ட்." அவர் தன் மினுங்கல் சட்டையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "தலை இழுத்த சீப்பைக் கடதாசித் துண்டுக்குக் கிட்டப் பிடிச்சால் ஓடிவந்து ஒட்டுமெல்லே? அதுவும் கரண்ட்தான். நிலைமின் எண்டு பள்ளிக்குடத்திலை சொல்லுவினம். கம்பியிலை ஓடாது. ஒண்டோடை ஒண்டு உரஞ்ச, அப்பிடியே குந்திக்கொண்டிருக்கும். எங்களுக்குத் தெரியாது. தொட்டவுடனை பூரானுக்குள்ளை பாயும். அதுக்கு அது இடி விழுந்த மாதிரி."

"இவ்வளவு நாளும் ரேடியோவுக்கு ஒண்டும் செய்யேல்லையே."

"பழைய ரேடியோ தோட்டக்காரன். மண்வெட்டியாலை அடிச்சாலும் எழும்பும். இது பட்டணத்துப் பிள்ளை. மாரி எண்டாலும் பரவாயில்லை, காத்திலையிருக்கிற ஈரத்திலை அது தானாய் வழிஞ்சு போயிடும். இந்தச் சோளகம் எல்லாத்தையும் அப்பளமாய்க் காயவைச்சிட்டுது. அதுக்குள்ளை நான் பிளாஸ்ரிக் கதிரையிலை, உந்தச் சேட்டோடை, றப்பர்ச் செருப்போடை இருந்து தொட்டிருக்கிறன். பேரப்பிள்ளையின்ரை அலுவல் எண்ட அவதியிலை மூளை வேலை செய்யேல்லை."

அவர் எழும்பினார். களைத்த மனுசன், ஆனால் கை அலுவலைத் தொடங்கிவிட்டது. பிளாஸ்ரிக் கதிரையை முற்றத்துக்குத் தள்ளி, பலா மரத்து முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். சட்டையைக் கழற்றினார். கிணற்றிலிருந்து இரண்டு வாளி இறைத்துக் கடையின் சீமெந்து நிலத்தில் ஊற்றினார். மெல்லிய செப்புக் கம்பியொன்றை மணிக்கட்டில் சுற்றி, நடுவில் கரண்டை மட்டுப்படுத்துகிற ஒரு பெரிய தடையை ஒட்டி, மறுமுனையைக் கிணற்றடி இரும்புக் குழாயில் முறுக்கினார்.

"நேராய்க் கட்டினால் ஒருநாள் என்னையும் தூக்கும். நடுவிலை தடை இருந்தால் மெல்லமாய் வழிஞ்சு போகும்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "இனி நீரும் உந்த நைலெக்ஸோடை கிட்ட வராதையும்."

"அப்ப என்னத்தோடை வர?"

"பருத்தியிலை ஒண்டும் இல்லையோ?"

"இருந்த ரெண்டையும் பிள்ளைக்குக் கிழிச்சாச்சு."

"அப்ப என்ரை வேட்டியைச் சுத்தும்."

"வெள்ளை கட்டினால் உங்களுக்கு ஆகாது."

"பூரான் பிழைச்சால் காணும். எனக்கு ஆகாட்டிப் பரவாயில்லை."

"வாயைக் கழுவுங்கோ" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். குங்குமத்தை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்தாள். வேட்டியைச் சேலை போலச் சுற்றத் தொடங்கினாள்.

வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. "ஞாபகம் வைச்சிரும். நைலோன், கம்பளி, பட்டு. உதுகள் பூரானுக்குக் கிட்டப் போகக்கூடாது."

வேட்டி முனை அவள் கையில் நின்றது.

"பட்டுமோ?"

"பட்டுத்தான் முதல். பட்டிலை உரஞ்சினால் அதைவிட வேறை வினை வேண்டாம்."

இராசமலர் கட்டிலில் உட்கார்ந்தாள்.

செபநாயகம் வந்த அன்று ஏரம்பு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கப் போயிருந்தார். "அக்கா, கவனம். பவுனைவிட மேலை இது" என்று செபநாயகம் கையில் வைத்த பொட்டலம் நனைந்திருந்தது. வள்ளத்தில் அலை அடித்ததாம். சிகரட் பெட்டியின் வெள்ளித் தாள், அதற்குள் ஒரு கறுப்பு ஸ்பொஞ்சுத் துண்டு, அதில் குத்திய இரண்டு பூரான். எல்லாம் உப்புத்தண்ணி. உப்பும் ஈரமும் ரேடியோவைத் தின்னும் என்பது அவளுக்குத் தெரியாததா? எத்தனை வீட்டு ரேடியோக்களை அவளே துடைத்திருக்கிறாள்? பவுனைவிட மேல் என்றான். பவுன் சாமானை இந்த ஊரில் எதில் சுற்றி வைப்பார்கள்? பெட்டியைத் திறந்து தன் பட்டுக் கூறைச்சேலையின் கிழிந்த முந்தானைத் துண்டை எடுத்தாள். இரண்டு பூரானையும் கால் காலாக, உப்புப் போகத் துடைத்தாள். அதிலேயே சுற்றி இரவு முழுக்க வைத்தாள். விடிய ஸ்பொஞ்சு காய்ந்தபின் திரும்பக் குத்தி, வெள்ளித் தாளில் மடித்து, வந்தபடியே அவர் கையில் கொடுத்தாள். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

அவள் வேட்டியோடு வெளியே வந்தபோது ஏரம்பு செத்த பூரானைப் பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இதோடை விடப்போறன்" என்றார் தலை நிமிராமல். "நல்ல அலுவல் ஒண்டை என்னை நம்பி ஒருத்தரும் தரக்கூடாது. கண்ணும் போச்சு, நிதானமும் போச்சு. சொந்தப் பேத்திக்கு வந்த சாமானையே கையாலை சாகடிச்சவன்."

சொல்லாமல் விட்டுவிடலாம். மனுசன் தன் தலையில் ஏற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். கடை மூடும், கை சும்மா கிடக்கும், ஏன் என்று கேட்டால் முகட்டைப் பார்ப்பார். இராசமலர் ஈர நிலத்தில் காலை வைத்தாள்.

"இஞ்சாருங்கோ. நான் அதைப் பட்டிலை துடைச்சனான்."

அவர் நிமிர்ந்தார்.

"செபநாயகம் தரேக்கை உப்புத்தண்ணி. கூறைச்சேலைத் துண்டாலை துடைச்சு, அதிலையே சுத்தி வைச்சனான். பேந்துதான் உங்களிட்டைத் தந்தனான்."

"ஒண்டையோ?"

"ரெண்டையும்."

"வடிவாய்த் துடைச்சனீரோ?"

"வடிவாய்த்தான்."

ஏரம்பு கையிலிருந்த செத்த பூரானைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். அது வெள்ளித் தாளில் ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது. காற்று படலையை அடித்து அடித்துத் திறந்தது. அவர் ஏசப்போகிறார் என்று நினைத்தாள். ஏசினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள்.

"என்ரை மேசையடியிலை எவ்வளவு காலமாய் நிக்கிறீர்" என்றார் கடைசியில். "ஈயம் பிடியும், கம்பி பிடியும், விளக்குப் பிடியும் எண்டு சொல்லத் தெரிஞ்ச எனக்கு இதைச் சொல்லத் தெரியேல்லை. உமக்கு ஆர் சொல்றது, குண்டு போடுற பொம்மர்க்காரனோ?"

"அப்ப மற்றதும் செத்திருக்குமோ?"

"தெரியாது. போட்டுப் பாத்தால்தான் தெரியும்." முக்காலியில் சரியாக உட்கார்ந்தார். "வாரும். ஈயத்தைப் பிடியும். குழாயை ஒருக்கால் தொட்டுட்டு வந்து பிடியும்."

அவள் கிணற்றடிக்குப் போய்க் குழாயைக் கையால் இறுகப் பிடித்துவிட்டு வந்தாள். கோயிலில் மணியைத் தொட்டுக் கும்பிடுவதுபோல இருந்தது, ஆனால் கும்பிட மனம் வரவில்லை. அவர் பூரானைக் காலில் தொடாமல் முதுகில் பிடித்து எடுத்தார். ஓட்டைகளில் இருத்தினார். கரியிலிருந்து செப்புக்கோலை எடுத்து ஈரச்சாக்கில் தேய்க்க, சுர்ரென்று ஆவி பறந்தது. முதல் காலுக்கு அவள் ஈயத்தை நீட்டினாள். ஈயம் உருகி, வெள்ளி முத்தாக நின்றது. அடுத்தது. கோல் ஆறினால் திரும்பக் கரி, திரும்பச் சாக்கு. ஒரு காலில் ஈயம் கூடிப் பக்கத்துக் காலோடு ஒட்டிக்கொண்டது. அவர் அதை வழித்து எடுக்கும்வரை அவள் மூச்சை விடவில்லை.

சோதிக்கக் கரண்ட் வேண்டும். முற்றத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோக் கம்பியை நீட்டிப் பலகையில் கொழுவினார். வெப்பத்தை உணர்கிற மணி ஒன்று, மிளகு அளவு, நீளக் கம்பியின் நுனியில் தொங்கியது.

"இதைக் கைக்குள்ளை பொத்திக்கொண்டு மிதியும்."

வேட்டியை முழங்கால்வரை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடாத சைக்கிளில் ஏறி இராசமலர் மிதித்தாள். ஒழுங்கையில் போன ஒரு சைக்கிள்காரன் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலப் போனான். பலகையில் சின்னச் சிவப்பு வெளிச்சம் எழும்பியது.

"வெளிச்சம் செத்ததுக்கும் எழும்பினதுதான்" என்றார் ஏரம்பு. "கையை இறுக்கிப் பொத்தும். சூடு ஏற, பலகை டிக்கெண்டு தானாய் அணைக்கவேணும்."

பொத்தினாள். மிதித்தாள். தொடை நடுங்கியது. நாளெல்லாம் சுவிட்சைப் பிடித்த பெருவிரல் மணிக்கு மேல் மடிந்து கிடந்து வலித்தது. ஒன்றும் நடக்கவில்லை. அவர் பலகைக்கு மேல் குனிந்து, காதை அதற்குக் கொடுத்தபடி நின்றார். இன்னும் ஒன்றும் இல்லை. அவள் மிதியை நிறுத்தப்போனாள்.

டிக்.

"திறவும் கையை. ஊதும்."

ஊதினாள். சோளகமும் சேர்ந்து ஊதியது.

டிக்.

ஏரம்பு நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்தார். சிரிக்கவில்லை. "இன்னொருக்கால்" என்றார். இன்னொருக்கால் செய்தார்கள். அதற்குப் பிறகும் ஒருக்கால்.

"பிழைச்சிட்டுது" என்றாள் அவள், இறங்காமலே.

"ஓடுது" என்றார் அவர். "பிழைச்சதோ தெரியாது. இஞ்சை பாரும், பட்டிலை உரஞ்சினதுகளிலை சிலது உடனை செத்துப்போகும். சிலது உள்ளுக்கு வெடிச்ச காயத்தோடை ஓடும். ஒரு கிழமை ஓடும், ஒரு வருசமும் ஓடும். பேந்து ஒருநாள் நிண்டிடும். வெளியிலை பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது."

"அது எப்ப எண்டு?"

"அதுக்கே தெரியாது."

அவள் சைக்கிளிலிருந்து இறங்கினாள். சந்தோசப்படுவதா இல்லையா என்று யோசிக்கிற பலமும் உடம்பில் இல்லை. "அப்ப கொண்டுபோவம்" என்றாள்.

பலகையை அலுமினியச் சட்டியில் வைத்து மூடி, மூடியைத் துணியால் கட்டினார்கள். பிளாஸ்ரிக் பை கூடாது என்றார், சட்டிக்குள் இருந்தால் வெளியில் என்ன உரஞ்சினாலும் உள்ளே போகாதாம். அவர் மிதிக்க, அவள் பின் கரியரில் சட்டியை மடியில் அணைத்துக்கொண்டு இருந்தாள். வெங்காயத் தோட்டங்களில் மண்ணெண்ணெய் மெசின்கள் புகையைக் கக்கித் தண்ணீர் இறைத்தன. வாய்க்கால் கட்டிக்கொண்டிருந்தவன் ஒருவன் நிமிர்ந்து கேட்டான்: "என்ன அண்ணை, ஆருக்குச் சோறு?"

"பேத்திக்கு" என்றார் ஏரம்பு. பொய் இல்லை.

பெட்டியடியில் குணலட்சுமி உண்மையாகவே ஸ்டூலில் இருந்தாள், சுவிட்சின் மேல் கையோடு, முகம் வெளிறி. மிஸி அவளைப் பின்னால் தாங்கிக்கொண்டு நின்றாள். அம்மாவின் வெள்ளையைக் கண்டு மகள் திடுக்கிட்டாள். பின்னால் அப்பா உயிரோடு வருவதைக் கண்டபிறகுதான் மூச்சு வந்தது.

"கதை பிறகு சொல்றன்" என்றாள் இராசமலர். "தண்ணி கொண்டாங்கோ மிஸி. நிலத்துக்கு ஊத்த. சப்பாத்தையும் கழட்டுங்கோ."

"எங்கடை கோயிலுக்கே நாங்கள் சப்பாத்தோடை போறனாங்கள்" என்றாள் செபஸ்தியம்மா, கழற்றிக்கொண்டே. "வேதக்காரியைச் சைவமாக்கிப்போட்டுத்தான் போவியள் போலை."

ஏரம்பு கம்பியை மணிக்கட்டில் சுற்றி, மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் முறுக்கினார். குழந்தையைப் பஞ்சுத் துணியோடு தூக்கி மகளின் நெஞ்சுக்குள் வைத்தார்கள். ஜெனரேற்றரை நிறுத்தினார்கள். வெளியே ஒரு காகம் கத்துவது முதன்முறையாகக் கேட்டது. பலகையை இருத்தி, திருகாணி முறுக்கி, ஜெனரேற்றரை மறுபடி இழுத்துக் கிளப்பியபோது நால்வரும் வெப்பமானியைத்தான் பார்த்தார்கள்.

ரசம் ஏறியது. மேல்கோட்டுக்குக் கிட்ட வந்தது. இராசமலரின் பெருவிரல் தானாக மடிந்தது.

டிக்.

ரசம் நின்று, தயங்கி, இறங்கத் தொடங்கியது. கீழ்க்கோட்டுக்கு வந்ததும் இன்னொரு டிக். ஒருவரும் கைதட்டவில்லை. மிஸி குழந்தையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். குணலட்சுமி கட்டிலில் விழுந்து, விழுந்த கையோடு உறங்கிப்போனாள்.

ஏரம்பு மிஸியிடம் பூரானின் காயத்தைப் பற்றிச் சொன்னார். பட்டு விசயத்தைச் சொல்லவில்லை. "வழியிலை அடிபட்டு வந்த சாமான்" என்றார்.

"அப்ப நிண்டுபோனால் எப்பிடித் தெரியும் அண்ணை?"

"உந்தச் சத்தம் வராது. வருமட்டும் பயமில்லை."

"அக்கா, நீங்கள் படுங்கோ" என்றாள் மிஸி.

"நான் இதிலை இருக்கிறன்."

"அண்ணை இருக்கிறார். நான் இருக்கிறன். நீங்கள் இருந்து என்ன, திரும்ப நித்திரை கொள்ளத்தானே?"

இராசமலர் பெட்டிக்குக் கீழே, ஈரம் படாத மூலையில் பாயை விரித்தாள். ஏரம்பு சுவரோடு சாய்ந்து, அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவர் கண் மூடியிருந்தது. காது திறந்திருந்தது அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருசமாகச் சத்தம் கேட்டால் துள்ளி எழும்பப் பழக்கிய உடம்பு அது. பொம்மர், ஷெல், படலையில் தட்டு, எது கேட்டாலும் முதலில் கால் எழும்பும். இப்போது அதற்கு வேறு உத்தரவு. சத்தம் கேட்டால் உறங்கு, கேட்காவிட்டால் எழும்பு. உடம்புக்கு விளங்கவில்லை. முதல் டிக்குக்குத் தலையைத் தூக்கினாள்.

"படும்" என்றார் ஏரம்பு.

அடுத்ததற்குக் கண்ணை மட்டும் திறந்தாள். அதற்கடுத்ததற்கு விரல் அசைந்தது, அவ்வளவுதான்.

பிறகும் ஒரு டிக் வந்தது. அது ஏரம்புக்கு மட்டும் கேட்டது.